வில்லும் விசையும்

பிடில் வாசிக்க ஆள் இல்லாமலே பிடில் சப்தம் கிடைக்கிற காலம் இது. கணிப்பொறியோடு ஒரு விசைப்பலகையைச் சேர்த்துவிட்டால், நாற்பது பிடில்கள் ஒன்றாக எழுந்து ஒலிக்கின்றன. அது பொய்ச் சப்தம் என்று சில ரஸிகர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. எங்கோ ஒரு கூடத்தில் கைதேர்ந்த வித்வான்கள் ஸ்வரம் ஸ்வரமாக, மெல்லவும் ஓங்கியும், நீட்டியும் வெட்டியும் வாசித்துக் கொடுத்ததைத்தான் அந்த யந்திரம் சேமித்து வைத்திருக்கிறது. சப்தம் மெய்தான். ஆனால் அது வேறொரு சமயத்தில், வேறு எதற்காகவோ பிறந்த சப்தம்.

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். பதிலுக்கு சங்கீத சபை வரை போகவேண்டியதில்லை. புதுச்சேரி பெரிய மார்க்கெட் போதும். அங்கே ஒரு வியாபாரி தம் குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் ஓடவிட்டிருப்பார். விலையைப் பிழையில்லாமல்தான் சொல்கிறது. மீன்காரம்மாளும் விலைதான் கூவுகிறாள். ஆனால் நாம் தயங்கி நின்றால் அவள் குரல் தணிகிறது, நகர்ந்தால் ஏறுகிறது, பக்கத்துக்காரி கூவினால் அதற்கு மேல் ஒரு படி போகிறது. அவள் கேட்டுக்கொண்டே கூவுகிறாள். ஒலிபெருக்கி யாரையும் கேட்பதில்லை.

பத்துப் பேர் சேர்ந்து பிடில் வாசிக்கும்போது நடப்பதும் இதுதான். ஒருவர் வில்லை மற்றவர் காது கவனிக்கிறது. பத்து ஸ்வரங்களும் அணுப் பிசகாமல் ஒன்றாக விழுவதில்லை. அந்த மயிரிழை வேற்றுமைகள் கூடித்தான் நாதம் திரள்கிறது. நம் சங்கீதத்தில் விஷயம் இன்னும் நுட்பமானது. பாலுஸ்வாமி தீக்ஷிதர் போன்றவர்கள் இந்த மேல்நாட்டு வாத்தியத்தை நம்முடையதாக்கிக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே அது வழுக்கிச் செல்லும் என்பதே. தோடியின் காந்தாரம் முன்னால் வந்ததையும் பின்னால் வரப்போவதையும் பொறுத்து அசைகிறது. எத்தனை அசைவுகளைச் சேமித்து வைப்பது!

இளையராஜாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தின் இசைக்குக் கணிப்பொறியைக் கொண்டுவந்தவர் அவர். நடனத்துக்கு வேண்டிய களைப்பறியாத துல்லியம் அதில் இருக்கிறது. அங்கே யந்திரம் பொருத்தமே. அதே ஆண்டில் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்புக்கு அவர் நாடியது வி. எஸ். நரசிம்மனின் பிடிலை. அதில் வில் தயங்குகிறது, வாதாடுகிறது, சமாதானமாகிறது. 2025 மார்ச்சில் லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியபோதும் மனிதர்களைத்தான் வாசிக்க வைத்தார். யந்திரம் தெரியாதவரல்ல அவர்; அதன் எல்லை தெரிந்தவர்.

காசில்லாத இளைஞன் ஒருவன் தன் கற்பனையைக் காதால் கேட்க யந்திரம் உதவுகிறது. அது பெரிய உபகாரம். ஆனால் செலவு மிச்சம் என்பதற்காக எல்லாப் பாட்டையும் அதனிடமே விட்டால், வில் பிடித்த கைகள் வேறு பிழைப்புத் தேடிப் போய்விடும். யந்திரம் வாழ்வது வித்வானிடம் வாங்கிய கடனில். கடன் கொடுத்தவனைப் பட்டினி போட்டுவிட்டு, அடுத்த கடனுக்கு யாரிடம் போவது?