ஸாரி சொல்லும் ஸ்பீக்கர்

அக்கா வீட்டில் தமிழில் பேசும் ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது. அவள் பையனுக்கு ஆறு வயசு. அவன் கேட்ட பாட்டு அதுக்குப் புரியலைன்னா "மன்னிக்கவும்" என்கும். இவன் கத்துவான். அது அதே இனிமையோடு மறுபடி "மன்னிக்கவும்" என்கும். இவனுக்குச் சிரிப்பு தாங்காது. போன வாரம், காது மந்தமான பாட்டியிடம் அதே தொனியில் கத்தினான். ஸ்பீக்கர்தான் கற்றுக்கொடுத்தது என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் பெரியவர்களும் கத்துகிறவர்கள்தான். ஆனாலும் யோசிக்க வைத்தது.

குரலில் உணர்ச்சியைச் சேர்த்தால் மக்கள் இயந்திரத்திடம் கனிவாக நடப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2013-ல் ஜெனீவாவில் கேட் டார்லிங் நடத்திய பட்டறையில், பிளியோ என்ற டைனோசர் பொம்மைகளோடு கொஞ்ச நேரம் விளையாடியவர்களிடம் அவற்றை அடிக்கச் சொன்னார்கள். முனகும் அந்தப் பொம்மையை அடிக்க முதலில் யாருக்கும் மனசு வரவில்லை.

ஆனால் ஜப்பானில் ஒசாகாவின் ஒரு வணிக வளாகத்தில் நடந்தது வேறு. அங்கே உலவிய ரோபோவைக் குழந்தைகள் வழிமறித்தார்கள், உதைத்தார்கள். வழிவிடச் சொல்லி அது பணிவாகக் கேட்டும் விடவில்லை. அப்படிச் செய்த 23 குழந்தைகளிடம் ஆய்வாளர்கள் பேசிப் பார்த்தார்கள். பெரும்பாலோர் அது மனிதர் மாதிரி இருந்தது என்றார்கள். அதற்கு வலிக்கும் என்று நினைத்தவர்களும் அதில் பலர். தெரிந்தே செய்திருக்கிறார்கள்! கடைசியில் பலன் தந்தது, ரோபோவை அங்கிருந்து விலகி, பெரியவர்கள் பக்கம் போக வைத்ததுதான்.

இதை வைத்து நம் குரல் உதவியாளர்களைப் பாருங்கள். 2011-ல் வந்த சிரியை ஆங்கிலத்தில் அசிங்கமாகத் திட்டினால், முடிந்தால் வெட்கப்படுவேன் என்ற பொருளில் பதில் சொல்லும். 2019-ல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கைக்கு அந்தப் பதிலே தலைப்பானது. பிறகு அந்தப் பதிலை மாற்றிவிட்டார்கள். அதே 2019-ல் அமேசான், அலெக்ஸாவுக்கு உற்சாகக் குரலும் ஏமாற்றக் குரலும் கொடுத்தது. வினாடி வினாவில் நாம் ஜெயித்தால் குதூகலிக்கும், தோற்றால் வருந்தும். கவனித்தீர்களா? எல்லாமே நம் சுகதுக்கத்துக்கான உணர்ச்சிகள். நாம் அதை நடத்தும் விதத்துக்கு என்று ஒன்றுகூட இல்லை.

என் குறை இதுதான். பரிவு காட்டத் தெரிந்த, ஆனால் விலகிப் போகத் தெரியாத ஒரு குரலைச் செய்து வைத்திருக்கிறோம். அதற்காக ஸ்பீக்கர் அழ வேண்டும் என்று கேட்கவில்லை. இல்லாத வலியை இருப்பதாகக் காட்டுவது குழந்தையிடம் சொல்லும் பொய். ஒசாகாவைப் பார்த்தால் அது விளையாட்டாகவும் ஆகிவிடும். குழையாமல் இருந்தாலே போதும். திட்டினால் உணர்ச்சியில்லாமல் ஒரு வரி, அப்புறம் மௌனம்.

2018-ல் அமேசான் குழந்தைகளுக்காக ஒரு வசதி கொண்டுவந்தது. 'ப்ளீஸ்' சொல்லிக் கேட்டால் அலெக்ஸா பாராட்டும். நல்ல எண்ணம்தான், ஆனால் தமிழுக்கு ஒத்துவராது. வீட்டில் யார் 'தயவுசெய்து' என்கிறோம்? அது அறிவிப்புப் பலகைக்கான சொல். நம் மரியாதை 'போடு' என்பது 'போடுங்க' ஆவதில் இருக்கிறது. அந்த 'ங்க'வைக் கவனித்துப் பாராட்டும் ஸ்பீக்கரை நான் இன்னும் பார்க்கவில்லை.

பாட்டி மட்டும் அதனிடம் "ஒரு பாட்டு போடும்மா" என்றுதான் கேட்பார். அது மெஷின்னு தெரியும்தானே பாட்டி என்றேன்.

"தெரியும்டா. அதுக்குக் கேக்குதோ இல்லையோ, பையன் கேட்டுட்டு இருக்கான்ல."