வெள்ளைக்குக் கொடுத்த காது

எங்கள் வீட்டு ராஜபாளையம் தன் முதல் தீபாவளியைத் தூங்கியே கழித்தது. தெருவில் பத்தாயிரம் வாலா வெடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு லேப்ரடார் கட்டிலுக்கடியில் புகுந்து நடுங்கியது. நாலு மாதக் குட்டியோ திண்ணையில் காலை நீட்டிப் படுத்திருந்தது. "வேட்டை நாய்னா சும்மாவா?" என்று வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டோம். கார்த்திகை பிறந்து ஒரு நாள், என் மகள் கைதவறி அதன் தலைமாட்டில் எவர்சில்வர் தட்டைப் போட்டாள். காது மடல்கூட அசையவில்லை. ஒரு மாதமாக நாங்கள் வீரம் என்று கொண்டாடியது செவிட்டை.

வாங்கப் போனபோது என்னென்ன கேட்டோம் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். மூக்கு ரோஸாக இருக்கிறதா? கண் தேன் நிறமா? உடம்பில் எங்காவது மறை, அதாவது வேறு நிறத் திட்டு, இருக்கிறதா? குட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். பால் வெள்ளை. பேசிய விலைக்கு மேல் ஐநூறு கொடுத்தேன். காது கேட்குமா என்று கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை, சொல்ல விற்றவருக்கும் தோன்றவில்லை. அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. நாங்கள் கேட்ட சரக்கைத்தான் அவர் கொடுத்தார்.

வெள்ளைக்கும் செவிட்டுக்கும் உள்ள உறவு உடலுக்குள் இருப்பது. தோலுக்கு நிறம் தரும் அதே வகைச் செல்கள் உள்காதிலும் சென்று அமர வேண்டும். நத்தை ஓடு போன்ற அந்த உறுப்பின் உட்சுவரை உயிரோடு வைத்திருப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. கரு வளரும்போது முதுகுப் பக்கமிருந்து கிளம்பும் இந்தச் செல்கள் போய்ச் சேராத இடமெல்லாம் வெள்ளையாகிறது. அவை காதையும் சென்றடையவில்லையென்றால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் அழிந்துபோகின்றன. மறுபடி முளைப்பதில்லை. ஒரு காது மட்டும் போன நாய் பார்வைக்கு முழு நாய்தான். கூப்பிட்டால் வரும், குரைக்கும். அதைச் சேர்க்கைக்கு விடும்போது குறையும் சேர்ந்தே கைமாறுகிறது. இது ராஜபாளையத்துக்கு மட்டும் வந்த சாபமும் அல்ல. அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷன்களில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்பதில்லை. அந்த இனத்தில் பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டோடு வரும் குட்டிகளுக்குச் செவிடு குறைவு என்பது ஆய்வில் தெரிந்த சேதி. ஆனால் இன இலக்கணப்படி அந்தத் திட்டு ஒரு குற்றம்; அந்தக் குட்டி கண்காட்சிக்கு ஆகாது. காது கேட்கும் குட்டியைக் கழித்துக் கேட்காத குட்டியை வைத்துக்கொள்ளச் சொல்லும் இலக்கணம்! நம் ஊரிலும் கதை பெரிதாக வேறல்ல. வெள்ளை வீட்டில் நிறம் மாறிப் பிறந்த குட்டிகளை ஈத்திலேயே தீர்த்துவிடும் வழக்கம் இருந்திருக்கிறது.

இந்த இலக்கணம் எங்கிருந்து வந்தது? நாய்களைத் தேர்ந்து சேர்ப்பது மனிதருக்குப் பழைய பழக்கம். ஆனால் பதிவேட்டை மூடிவைத்து, அதில் பேர் உள்ள நாய்களின் வாரிசுகள் மட்டுமே அந்த இனம் என்று கோடு கிழித்தது விக்டோரியா காலத்து இங்கிலாந்து. 1859-ல் நியூகாசிலில் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873-ல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. அதுவரை நாயின் தரத்தை வேலை சொன்னது. அதன்பிறகு நடுவர் சொன்னார். நம் கரிசல் காட்டு நாய்களுக்கு இந்த மாற்றம் கொஞ்சம் தாமதமாக வந்தது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டிப் பேர் வாங்கியவை. ஓடாத நாயிடம் யாரும் குட்டி எடுக்கமாட்டார்கள். ஊர் ஊராகப் போய் நல்ல கடுவனைத் தேடிப் பொட்டையைச் சேர்த்துக்கொண்டு வருவார்கள். அந்த நாயின் பாட்டன் பெயரைக் கேட்டால் விழிப்பார்கள். எத்தனை முயல் பிடித்தது என்றால் கணக்குச் சொல்வார்கள். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டை குற்றம். அது சரியான சட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வேலை போன நாயிடம் மிஞ்சியது தோற்றம் மட்டும்தான். 2005-ல் அஞ்சல் துறை ராஜபாளையத்துக்குத் தபால்தலை வெளியிட்டது. 2020-ல் பிரதமர் வானொலியில் நம் நாட்டு நாய்களின் பேரைச் சொன்னார். ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு வந்த நாட்டு இனப் பெருமிதமும் சேர்ந்துகொண்டது. கிராக்கி ஏறியது. கிராக்கி ஏறும்போது முதலில் ஏறுவது நிறத்தின் விலை. பாளையக்காரர் படையில் நின்ற நாய் என்று கதையும் கூடவே விற்கப்படுகிறது. ஆதாரம் கேட்டால் கதை இன்னும் நீளும்.

இவ்வளவு சொன்னதால் வம்சாவளி பார்த்து நாய் வளர்ப்பதே தவறு என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்கவேண்டாம். எதிர்த்தரப்பு அப்படித்தான் சொல்கிறது: தெருவில் இத்தனை நாய்கள் இருக்க எதற்கு இன்னொரு குட்டி? தெரு நாயை எடுத்து வளர்ப்பவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. எங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது, ஒரு நாள் சீக்கென்று படுத்ததில்லை. ஆனாலும் பதிவேடு என்பது பெரிய கருவி என்பதை அந்த வாதம் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களை வளர்க்கும் 'தி சீயிங் ஐ' என்ற அமைப்பு, ஒவ்வொரு நாயின் இடுப்பு மூட்டையும் எக்ஸ்ரே எடுத்து, உறவு நாய்களின் முடிவையும் கணக்கில் சேர்த்து, யாருக்கு யார் ஜோடி என்று முடிவு செய்தது. ஐந்து தலைமுறைக்குள் ஜெர்மன் ஷெப்பர்டுகளில் இடுப்பு மூட்டுக் குறை 55 சதவீதத்திலிருந்து 24-க்கும், லேப்ரடார்களில் 30-லிருந்து 10-க்கும் இறங்கியது. பாட்டன் பூட்டன் விவரம் இல்லாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. இனம் தெரிந்திருப்பது வீட்டிலும் உதவும். உண்ணிக்கும் சொறிக்கும் நம் ஊரில் சர்வ சாதாரணமாகப் போடும் ஐவர்மெக்டின் ஊசி, கோலி வகை நாய்கள் பலவற்றுக்கு நஞ்சாகும். மருந்து மூளைக்குள் போகாமல் தடுக்கும் மரபணு ஒன்று அவற்றில் பழுது. இனம் தெரிந்தால் மருத்துவர் ஊசியை எடுக்குமுன் ஒருமுறை நிதானிப்பார்.

ஆக, கருவியில் கோளாறு இல்லை. அதில் எதை எழுதுகிறோம் என்பதில்தான் கோளாறு. நம் சந்தையில் "பேப்பர் இருக்கா?" என்று கேட்கிறார்கள். பேப்பரோடு ஒரு விலை, பேப்பர் இல்லாமல் ஒரு விலை. அந்தப் பேப்பரில் முன்னோர் பெயர் இருக்கும், பட்டம் இருக்கும். முன்னோருக்கு இடுப்பு எப்படி, இதயம் எப்படி, காது எப்படி என்பதற்கு அதில் இடமில்லை. அந்த வெற்றிடத்தை விற்பவரின் அகராதி நிரப்புகிறது: 'டபுள் போன்', 'டபுள் கோட்', 'சாம்பியன் லைன்'. எந்த நாய்க்கும் எலும்பு இரட்டையாக முளைப்பதில்லை என்று சொன்னால் ஏதோ விலையைக் குறைக்கப் பார்க்கிறவன் மாதிரி நம்மைப் பார்ப்பார்கள்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது ஒன்று. நம் ஊரில் கருவுற்ற பெண் முதன்முறை ஆஸ்பத்திரிக்குப் போனால் மருத்துவர் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "சொந்தத்துல கட்டினதா?" அக்கா மகளைக் கட்டும் வழக்கம் உள்ள ஊரில் அந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. மாமன் மகளைக் கட்டியவர் பிள்ளைக்கு, ஒரே மூதாதையின் ஒரே மரபணு தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் வந்து இரண்டு பிரதியாகச் சேரும் வாய்ப்பு 6.25 சதவீதம், அக்கா மகள் என்றால் 12.5. ஒளிந்திருந்த குறை வெளியே வருவது இப்படித்தான். நாயில் தகப்பனையும் மகளையும் சேர்த்தால் இது 25. மனிதர் விஷயத்தில் தலையைச் சொறிந்துகொண்டு பதில் சொல்லும் அதே ஆள், நாய் விஷயத்தில் "அப்பன்-மகள் சேர்க்கை சார், ரத்தம் சுத்தம்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறார். 2008-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பிரிட்டனின் பதிவேடுகளை அலசினார்கள். சுமார் பத்தாயிரம் பக் நாய்கள் இருந்தும், மரபணு வகையில் அவை ஐம்பது நாய்களுக்குத்தான் சமம் என்று தெரிந்தது. அதே ஆண்டு பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படம் இதையெல்லாம் வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை பிபிசி காட்டவில்லை. பெற்றோர்-பிள்ளை, உடன்பிறப்புச் சேர்க்கைகளில் பிறக்கும் குட்டிகளைப் பதிவதில்லை என்று கென்னல் கிளப் முடிவெடுத்தது. 1873-ல் தொடங்கிய சங்கத்துக்கு அவ்வளவு காலம் பிடித்தது.

பக் என்றால் நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'ஹட்ச் நாய்' என்றால் தெரியும். 2003-ல் ஒரு செல்பேசி விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிய நாய், சில மாதங்களில் தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. நாய் உடம்புச் சூட்டை மூச்சிரைத்துத்தான் ஆற்றும். அதற்கு நீளமான மூக்கும் அகலமான காற்றுப்பாதையும் வேண்டும். மூக்கை நசுக்கிவிட்டுச் சென்னை மே மாத வெயிலில் விட்டால் என்ன ஆகும்? அந்தக் குறட்டையைப் பாசமாகப் படம் பிடித்துப் போடுகிறார்கள். அது மூச்சுக்குத் தவிக்கும் சத்தம். புல்டாக்கின் கதை இன்னும் மோசம். பிரிட்டனில் கணக்கெடுத்தபோது அதன் ஈத்துகளில் 80 சதவீதத்துக்கு மேல் சிசேரியன். தலை பெரிது, இடுப்பு குறுகல். இரண்டும் நாம் விரும்பிச் செய்தவை. கத்தி இல்லாமல் பிறக்க முடியாத ஓர் உயிரை இனம் என்று அழைக்கலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. டால்மேஷன்களுக்கு இன்னொரு குறை உண்டு. சிறுநீரில் யூரிக் அமிலம் கூடிக் கல் அடைக்கும். இனம் முழுக்க ஒரே பழுதான மரபணு. உள்ளுக்குள்ளேயே எத்தனை தலைமுறை தேடினாலும் நல்ல பிரதி கிடைக்காது. ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் 1973-ல் ஒரே ஒரு முறை பாயின்டர் நாயோடு சேர்த்தார். பிறகு வந்த ஒவ்வொரு தலைமுறையையும் டால்மேஷனோடே சேர்த்தார். புள்ளி திரும்பிவந்தது, கல் போனது. ஆனால் அமெரிக்கக் கென்னல் கிளப் அவற்றைத் தன் பதிவேட்டில் ஏற்க 2011 ஆயிற்று. சுத்தம் என்ற சொல்லுக்கு அவ்வளவு பலம். நார்வே வேறு வழியில் போனது. 2023-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கவலியர் என்ற இன நாய்களை இன்றிருக்கும் முறையில் பெருக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்றது, புல்டாக்கைத் தடுக்கவில்லை. கறுப்பு-வெள்ளையாகத் தீர்க்க முடியாத விஷயம் என்பதற்கு அந்தத் தீர்ப்பே சாட்சி.

நம்மிடமும் விதி இருக்கிறது. 2017-ன் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள்படி, வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும். பதினெட்டு மாதம் ஆகாத பொட்டையைச் சேர்க்கைக்கு விடக்கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கண் சரியாகத் திறக்காத குட்டிகளை அட்டைப்பெட்டியில் பார்த்தவர்களுக்கு மீதி விளக்கம் வேண்டாம். சைதாப்பேட்டையில் அரசே நடத்திவந்த நாட்டு நாய் இனப்பெருக்க நிலையத்தை, அங்கே நாய்களை வைத்திருந்த நிலைமைக்காக மூடச் சொல்லி நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்டவர்களின் ஆதங்கம் நியாயம். ஆனால் கேள்வி கேட்கக்கூடிய இடத்தையும் மூடிவிட்டால் மிஞ்சுவது கொல்லைப்புறக் கொட்டில்கள்தான். அங்கே யாரும் வழக்குப் போடப் போவதில்லை.

ராஜபாளையத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம்: ஈத்தில் மறை விழுந்த குட்டியை வைத்துக்கொள்வீர்களா? ஐந்து வாரத்தில், ஒலி எழுப்பியதும் மூளைக்குச் செல்லும் மின் சைகையை அளந்து இரண்டு காதையும் தனித்தனியே சோதிக்கக் கருவி இருக்கிறது. கேட்காத நாயை, ஒரு காது கேட்காத நாயையும், சேர்க்கையிலிருந்து விலக்குவீர்களா? இதைக் கேட்டதும் பேச்சு பெரும்பாலும் பாளையக்காரர் படைக்குத் திரும்பிவிடுகிறது.

எங்கள் நாய்க்கு இப்போது ஆறு வயது. தரையில் காலால் தட்டினால் அதிர்வை உணர்ந்து திரும்பும். இருட்டில் டார்ச்சை இரண்டு முறை அணைத்தால் வீட்டுக்குள் வரும். கயிறில்லாமல் தெருவில் விட்டதில்லை, ஹார்ன் கேட்காதே. சேர்க்கைக்கு விடவும் இல்லை. கருத்தடை செய்த நாளில் தெருவில் இரண்டு பேர், "இவ்வளவு வெள்ளையான நாயைப் போய்..." என்று வருத்தப்பட்டார்கள்.

காது கேட்கவில்லை என்று தெரிந்த வாரம் விற்றவருக்குப் போன் செய்தேன். உண்மையாகவே வருந்தினார். பணத்தைத் திருப்பித் தரட்டுமா என்றும் கேட்டார், வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அதே ஜோடி மறுபடி குட்டி போட்டிருக்கு சார். ஏழு குட்டி. ஒண்ணுல கூட மறை இல்ல."