டைட்டானிக்கை முன்கூட்டியே 'பார்த்த' கதை

டைட்டானிக் மூழ்குவதற்கு 14 ஆண்டுகள் முன்பே ஒருத்தர் அதை அப்படியே எழுதிட்டாராம். மோர்கன் ராபர்ட்சன் 1898-இல் எழுதிய 'ஃப்யூட்டிலிட்டி' குறுநாவலைப் பற்றி இப்படித்தான் சொல்றாங்க. கப்பலின் பெயர் டைட்டன். ஏப்ரல் மாதம், வட அட்லாண்டிக், பனிப்பாறை, போதாத உயிர்காப்புப் படகுகள். கேட்டால் சிலிர்க்கத்தான் செய்யும்.

கதையைப் படித்தால் சிலிர்ப்பு இறங்கிடும். டைட்டன் பனிப்பாறை மேல் ஏறிப் பக்கவாட்டில் சாய்கிறது. நாயகன் அந்தப் பனிப்பாறையிலேயே பனிக்கரடியோடு சண்டை போடுகிறான்! ஒற்றுமைப் பட்டியல்களில் இந்தக் கரடியை நான் பார்த்ததே இல்லை. விபத்துக்குப் பின் 1912-இல் வந்த பதிப்பில் தலைப்பிலேயே 'டைட்டன்' சேர்ந்துகொண்டது. கப்பலின் எடையும் 45,000 டன்னிலிருந்து 70,000 டன்னாக ஏறியது.

ராபர்ட்சன் கப்பலில் வேலை பார்த்தவர். ஏப்ரலில் அந்தக் கடலில் பனிப்பாறை மிதக்கும் என்பதை அறிய ஞானதிருஷ்டி எதற்கு? பிரம்மாண்டமான கப்பலுக்குக் கிரேக்கப் புராண அசுரர் பெயர் தோன்றுவதும் அதிசயமில்லை.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். டைட்டனில் 24 படகுகள்தான். சட்டத்துக்குத் தேவையான அளவு மட்டும் என்று கதையே சொல்கிறது. நிஜத்திலும் பிரிட்டிஷ் விதிமுறையின் அட்டவணை 10,000 டன்னோடு நின்றிருந்தது. அதற்கு மேல் எத்தனை பெரிய கப்பலானாலும் 16 படகுகள் போதும். 46,000 டன் டைட்டானிக்கில் 20 படகுகள். சட்டப்படி எல்லாம் சரி!

ராபர்ட்சன் எழுதியது குற்றச்சாட்டு. அதைத் தீர்க்கதரிசனமாக்கினால் பழி தலைவிதி மேல் போயிடும். விதிமுறை எழுதினவங்க தப்பிச்சிடுவாங்க.