பச்சை தெரிகிறது, முகம்?

பழைய டிஜிட்டல் கேமராக்களுக்கு இப்போது திடீர் மவுசு. பதினைந்து, இருபது வருடத்துக்கு முந்தைய கேமராக்களை நம் வயதுக்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். வாங்கியதும் ஒப்பீடு தொடங்கிவிடும்: எதில் படத்தின் தரம் அதிகம்? ஓர் இலையையோ செங்கல் சுவரையோ எடுத்து, திரையில் பெரிதாக்கி, எது கூர்மை என்று தீர்ப்புச் சொல்லிவிடுவோம். எனக்குச் சிக்கல் இங்கேதான். எதைப் படம் எடுக்கப் போகிறோம் என்று கேட்காமல் தரத்தைப் பற்றிப் பேச முடியாது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தை வைத்தே இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் ஒப்பிட்டவை இரண்டு. ஒன்று, 2005-ல் வந்த கேனன் இஓஎஸ் 5டி. 35 மி.மீ ஃபிலிம் அளவுக்கே உள்ள பெரிய சென்சார், சிமாஸ் வகை, 12.8 மெகாபிக்சல். இன்னொன்று, 2007-ல் விற்பனைக்கு வந்த ஃபுஜிஃபிலிம் எஸ்5 ப்ரோ. உடம்பு நிக்கான் டி200-இன் உடம்பு, மாட்டுவதும் நிக்கான் லென்ஸ்தான். உள்ளே இருக்கிற சென்சார் மட்டும் ஃபுஜியுடையது. சிசிடி வகை, 5டி-யை விடச் சிறியது. இரண்டையும் இரவல் வாங்கி, 5டி-யில் 50 மி.மீ, எஸ்5-ல் 35 மி.மீ லென்ஸ் மாட்டி (பார்வைக் கோணம் ஏறக்குறைய ஒன்றுதான்), சுங்கை பாலாஸ் பக்கம் இரண்டு காலைப் பொழுதுகள் எடுத்துப் பார்த்தேன்.

"சிசிடி-ன்னா அந்தக் கலரே தனி" என்கிற நம்பிக்கையை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். சிசிடி, சிமாஸ் இரண்டுமே விழுகிற வெளிச்சத்தை அளக்கிறவை. நிறம் அவற்றுக்குத் தெரியாது. மேலே பதித்திருக்கும் வண்ண வடிகட்டிகளும் பிறகு கணக்குப் போடும் மென்பொருளும் சேர்ந்துதான் நிறத்தை உண்டாக்குகின்றன. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1970களில் வகுத்த முறையைத்தான் இன்றும் பெரும்பாலான கேமராக்கள் பின்பற்றுகின்றன: நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மனிதக் கண் பச்சையை ஒட்டித்தான் நுணுக்கம் அதிகம் பார்க்கிறது என்பது காரணம். ஆக, தேயிலைச் சரிவுக்கு முன்னால் நின்றால் பச்சைக்கு ஏற்கெனவே இரண்டு ஓட்டு விழுந்திருக்கிறது.

இலையை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் 5டி சுலபமாக ஜெயிக்கும். எதிர்ச்சரிவின் செடிகள், நடுவே ஓடும் நடைபாதைகள், கொழுந்தின் வெளிர்பச்சை எல்லாம் பிரிந்து பிரிந்து தெரிகின்றன. எஸ்5-க்கு 12 மில்லியன் புள்ளிகள் என்று கணக்குச் சொன்னாலும் அவை 6 மில்லியன் ஜோடிகள்தான். அதனால் தூரத்துச் செடிகள் கொஞ்சம் கம்பளி மாதிரி ஆகிவிடுகின்றன. இத்தோடு நிறுத்தியிருந்தால் ஒப்பீடு முடிந்துபோயிருக்கும்.

ஆனா அங்கே காலையில் முதலில் இருப்பது பனி. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைப் பனி சட்டத்தை நிறைத்திருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தையே இருட்டாக்கும். பனிக்கும் பச்சைக்கும் அதனால் பெரிய நஷ்டமில்லை. அதற்கு முன்னால் நிற்கிற கறுத்த முகம்தான் போய்விடுகிறது. கண் எங்கே, கன்னம் எங்கே என்று தெரியாது. 5டி-யின் ரா ஃபைலில் அந்த முகத்தைப் பிறகு வெளிச்சமாக்கிப் பார்த்தேன். வரி வரியாக இரைச்சல் கிளம்பியது. சரி, எடுக்கும்போதே ஒன்றரை ஸ்டாப் கூட்டினால்? முகம் வந்தது, பனி வெறும் காகிதமாகிப் பின்னால் இருந்த மலைமுகடு காணாமல் போனது.

எஸ்5-இன் ஜோடிகளுக்கு இங்கேதான் வேலை. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மழையில் அகல வாய் அண்டாவையும் குறுகிய வாய்க் குடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி. அண்டா சீக்கிரம் நிரம்பி வழிந்துவிடும். குடம் நிரம்ப நேரமாகும். பெரிய புள்ளி வழிந்த பிறகும் சிறிய புள்ளியிடம் பனியின் கணக்கு மிச்சமிருக்கிறது. கேமரா இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. அதே ஒன்றரை ஸ்டாப் கூட்டி முகத்துக்கு வெளிச்சம் கொடுத்தேன். முகமும் வந்தது, பின்னால் மலைமுகடும் மங்கலாக நின்றது. இந்தக் கேமராவைக் கல்யாணப் படக்காரர்கள் விரும்பியதும் இதற்காகத்தான்: வெள்ளை கவுனும் கறுப்புக் கோட்டும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் இல்லையா?

தோட்டத்திலேயே பிறந்து, கொழுந்து பறித்து, ஓய்வு பெற்ற ஓர் அம்மாவைக் கேட்டுத்தான் அந்தப் படங்களை எடுத்தேன். இரண்டையும் லேப்டாப்பில் காட்டினேன். மீட்டர் சொன்னபடி எடுத்த 5டி படத்தைப் பார்த்து, "தோட்டம் நல்லா வந்திருக்கு தம்பி" என்றார். எஸ்5 படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத ஒன்னு கழுவித் தருவியா?" என்று கேட்டார். இதை விடத் தெளிவான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

எஸ்5-க்கு மாலை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் வீட்டுச் சமையலறையில், சன்னல் வெளிச்சத்தில், ஐஎஸ்ஓ 1600-ல் எடுத்தபோது 5டி-தான் கை கொடுத்தது. இரைச்சல் குறைவு, நுணுக்கம் அதிகம். முகத்துக்குப் பின்னால் வெளுத்துப்போக எதுவும் இல்லாத இடத்தில் பெரிய சென்சாருக்கு ஈடில்லை.

தரத்துக்கான அளவுகோல் எப்போதும் யாரோ ஒருவரை மனதில் வைத்தே உருவாகிறது. ஃபிலிம் காலத்தில், 1950களில் தொடங்கி, கோடாக் பிரிண்ட் நிறம் சரியா என்று பார்க்க ஆய்வகங்களுக்கு ஒரு பெண்ணின் படத்தை அனுப்பியது. 'ஷெர்லி கார்டு' என்று பெயர். பல வருடங்களுக்கு அதில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள். அவர்கள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி. கறுத்த முகம் எப்படி வருகிறது என்பது சோதனையிலேயே இல்லை. இலையை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கிற நம் ஒப்பீடும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கேமரன் மலையின் படங்களை யோசித்துப் பாருங்கள். போ தோட்டம் 1929-ல் தொடங்கியது. நம் ஆட்களின் உழைப்பில் எழுந்த மலைச்சரிவுகள் அவை. நமக்குப் பழக்கமான காட்சியோ பச்சை வரிகள், பனி, தூரத்தில் புள்ளியாக ஒரு கூடை. 'எரியும் பனிக்காடு' படித்தவர்களுக்கு அந்தப் பனிக்குள் யார் நின்றார்கள் என்று தெரியும். அது வால்பாறைப் பக்கத்துக் கதை. நம் மலையில் இன்று கைப்பறிப்பு வெகுவாகக் குறைந்து, கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. வேலையில் இருப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். தமிழ்க் குடும்பங்கள் பல மலையிறங்கிவிட்டன. மிச்சமிருக்கிற முதியவர்களை இன்று இருட்டாக எடுத்தால் நாளைக்கு மறுபடி எடுக்க ஆள் இருக்காது. பச்சை அங்கேயேதான் இருக்கும்.

ஆகவே வாங்குகிறவர்களுக்கு: எஸ்5-க்கு அதன் சொந்த பேட்டரிதான் வேண்டும், நிக்கானுடையது பார்க்க அதே மாதிரி இருந்தாலும் ஏற்காது. பேட்டரி நல்ல நிலையில் கிடைத்தால் வாங்குங்கள். 5டி வைத்திருந்தால் அதுவும் நல்ல கேமராதான். மீட்டர் சொல்வதைக் கேட்காமல் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். பனி வெளுத்துப் போகும், மலைமுகடு போகும். போகட்டும்.