கார் கண்ணாடியில் ஆவி: எது வேலை செய்கிறது?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். மழையில் நான்கு பேராக ஏறினோம். குளிராக இருக்கிறதே என்று ஏசியை அணைத்திருந்தோம். பாதி மலைகூட ஏறவில்லை, முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. கையால் துடைத்ததில் எண்ணெய்ப் பிசுக்குதான் மிச்சம். எதிரே பேருந்து விளக்கு அடித்தபோது சாலையே தெரியவில்லை. அந்தப் பயத்தில்தான் இந்த மழைக்காலம் முழுக்க மூன்று வழிகளைச் சோதித்துப் பார்த்தேன்.

முதலில் ஆன்டி-ஃபாக் ஸ்ப்ரே. ஆவியைத் துளியாகத் திரளவிடாமல் மெல்லிய படலமாகப் பரப்புகிறது. அதனால் பார்வை மறைவதில்லை. கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்த பிறகு அடித்தால் சில நாள் தாங்குகிறது. ஆனால் சரியாகத் தேய்க்காவிட்டால் இரவில் கோடு கோடாக மினுங்கும். பக்கக் கண்ணாடிகளுக்கு நல்லது, முன்கண்ணாடிக்கு எனக்குத் திருப்தியில்லை.

அடுத்தது சிலிக்கா ஜெல் பை. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைத்தான் அது உறிஞ்சும். 300 கிராம் பை என்றால் 100 கிராம் தண்ணீர். நனைந்த கால்மேட்டிலேயே அதைவிட அதிக ஈரம் இருக்கிறது! மேட்டை எடுத்து வீட்டுக்குள் காயப்போட்ட இரவுகளில், பை இல்லாமலே காலையில் கண்ணாடி தெளிவாக இருந்தது.

மூன்றாவது, காரிலேயே இருக்கும் ஏசி. காற்றிலுள்ள ஈரம் அதன் குளிர்ந்த காயிலில் நீராகி வண்டிக்கு அடியில் சொட்டிவிடுகிறது. ஏசி ஓடட்டும், வெப்பக் குமிழைச் சூடான பக்கம் திருப்புங்கள், ரீசர்குலேஷனை அணைத்து வெளிக்காற்றை விடுங்கள், காற்று முன்கண்ணாடிக்குப் போகட்டும். அடுத்த வால்பாறைப் பயணத்தில் ஓரிரு நிமிடத்தில் கண்ணாடி தெளிந்தது. தெளிந்ததும் ஏசியை அணைத்தால் ஈரக் காயிலின் மேல் வீசும் காற்று மறுபடி ஆவியைக் கொண்டுவரும். நான் அணைத்துப் பார்த்தேன், உடனே மங்கியது.

சென்னையில் கதை தலைகீழ். வெளியே 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த கண்ணாடியில் வெளிப்பக்கம் பனி படியும். அங்கே வைப்பரைப் போட்டுவிட்டு, குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிட்டாலே போதும்.

ஸ்ப்ரே வாங்கலாம், சிலிக்கா பை தேவையில்லை, ஏசிதான் முதல் மருந்து. மலைப்பாதையில் கண்ணாடி மங்கினால் மட்டும், தயவுசெய்து ஓட்டிக்கொண்டே துடைக்காதீர்கள். இடம் பார்த்து ஓரமாக நிறுத்தி, தெளிந்த பிறகு கிளம்புங்கள்.