பின்கால் ஏன் எழவில்லை?

ஆலங்குடிப் பக்கத்துத் திருவிழாக் கபடிகளை விடாமல் பார்ப்பவர்களுக்கு அந்த ரைடரைத் தெரிந்திருக்கும். முதல் பாதியில் எதிரே ஏழு பேர் நின்றாலும் சிரித்துக்கொண்டே போனஸ் எடுத்து வருவார். கடைசி ஐந்து நிமிடத்தில் பாக் லைனைத் தாண்டியதும் திரும்பிவிடுவார். "பயந்துட்டாப்பா" என்று மைக்காரர் தொடங்கி டீக்கடை வரை ஒரே தீர்ப்பு. நான் அவர் கட்சி. ஒளிக்கவில்லை. அந்தத் தீர்ப்பு தப்பு.

அவர் கையைப் பார்க்காதீர்கள், பின்காலைப் பாருங்கள். பெண்கள் கோர்ட்டில் நடுக்கோட்டிலிருந்து பாக் லைனுக்கு 3 மீட்டர், அங்கிருந்து போனஸ் கோட்டுக்கு இன்னும் 1 மீட்டர். முன்கால் அந்தக் கோட்டுக்கு அப்பால் ஊன்றும்போது பின்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். கார்னரில் நிற்கும் தடுப்பாட்டக்காரர் பாயக் காத்திருக்கும் நேரத்தில், முழு உடம்பும் ஒற்றைக்காலில். போன சீசனில் இரண்டாம் பாதியில் அவர் காலை நீட்டத்தான் செய்தார். பின்கால் தரையை விட்டு எழவில்லை, நடுவர் புள்ளி தரவில்லை. இரண்டு முறை அப்படி ஆன பிறகுதான் பாக் லைனோடு திரும்பத் தொடங்கினார். பயந்தவர் காலையே நீட்டியிருக்க மாட்டார்.

சங்கதி எடை மெஷினில் இருக்கிறது. எடைப் பிரிவுப் போட்டி என்றால் முந்தின ராத்திரிச் சோறு கிடையாது. காலையில் டீ, இரண்டு பிஸ்கட். எடை போட்டு முடித்தாலும் வயிறு கனக்கும் என்று தண்ணீரோடு சரி. ஆட்டம் வருவதோ நடுராத்திரி. 30 விநாடி ரைடுக்குத் தசையில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்துதான் எரிபொருள். பட்டினி கிடந்தால் அது கடைசி வரை தாங்காது.

ஒரு ராத்திரிப் பட்டினியை உடம்பு பொறுக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பே சிக்கனம் பிடிக்கும். முதலில் மாதவிலக்கு தள்ளிப்போகும், பிறகு நிற்கும். "மேட்ச் நேரத்துல தொந்தரவு இல்ல" என்று அதையும் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறோம். எலும்பு பலம் இழப்பதற்கான எச்சரிக்கை அது. முழங்காலுக்குக் கீழே மயிரிழை விரிசல் விழுவது அதற்கு அடுத்த கட்டம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதைத் தனிக் கோளாறாகப் பெயரிட்டு எச்சரித்தது.

கணக்கு எளிது. பயிற்சிக்குச் செலவானது போக, கொழுப்பு நீங்கலான எடையில் கிலோவுக்கு 45 கலோரி மிஞ்ச வேண்டும். 30-க்குக் கீழே போனால் ஆபத்து. 55 கிலோப் பெண்ணுக்குக் கொழுப்பு நீக்கினால் சுமார் 42 கிலோ. அதற்கு 1,890, பயிற்சிக்கு ஒரு 600. ஆக, நாளுக்கு 2,500-ஐ நெருங்க வேண்டும். டீயும் பிஸ்கட்டும் எங்கே, இது எங்கே?

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பள்ளிச் சத்துணவும் முட்டையும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. ஆட்டம் சூடுபிடிப்பதோ ப்ளஸ் ஒன்னில். அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் அம்மாக்களை சைக்கிளில் ஏற்றி அழகு பார்த்த எங்கள் மாவட்டம், மகள்களின் தட்டையும் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

இனி ஜோசியம். வருகிற தை முதல் வைகாசி வரை, அவித்த முட்டையும் வேர்க்கடலையும் வாழைப்பழமுமாக வந்து இறங்கும் டீம்தான் கடைசி ஐந்து நிமிடத்தை ஜெயிக்கும், அதன் ரைடர் சுமாரானவராக இருந்தாலும். நம் பெண்ணை அடுத்த எடைப் பிரிவுக்கு ஏற்றினால் "குண்டாயிட்டா" என்பார்கள். அந்த சீசனில்தான் 28-வது நிமிடத்திலும் போனஸ் எடுப்பார். ஏற்றாவிட்டால் பங்குனிக்குள் காலில் கட்டு, "ராசியில்லாத பொண்ணு" என்று புதுத் தீர்ப்பு.

பந்தயம் ஒரு தார் பூவன். நான் ஜெயித்தாலும் தோற்றாலும் தார் அந்த டீம் பெஞ்சுக்குத்தான், எடை போட்டு முடித்த அடுத்த நிமிடமே.