இது டயர் இல்ல சார், தலகாணி

ராத்திரி படுக்கும்போது கல் மாதிரி இருந்த முன் டயர், காலையில் கொய்யாக்காய் பதத்துக்கு வந்திருந்தது. ஜமுனாமரத்தூரில் தங்கியிருந்த அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சைக்கிளைச் சாத்தியிருந்தேன். யாரும் தொடவில்லை, முள்ளும் இல்லை. கேஜை வைத்துப் பார்த்தால் 82 பிஎஸ்ஐ. முந்தைய இரவு அடித்து வைத்தது 100. பின் டயர் மட்டும் 96ல் நின்றது.

பெங்களூரு நண்பர் ஒருவர் கழித்துக் கட்டிய ரோடு பைக் சக்கரங்கள் இவை. அலுமினிய ரிம், 25 மில்லிமீட்டர் அகலத்தில் ட்யூபுலர் டயர்கள். ட்யூபுலர் என்றால், டியூப்பை உள்ளே வைத்து டயரைச் சுற்றிலும் தைத்து மூடி, அப்படியே ரிம்மின் மேல் பசை போட்டு ஒட்டிவிடுவது. ஒரு காலத்தில் பந்தய வீரர்கள் எல்லாரும் இதில்தான் ஓட்டினார்கள். இப்போது அவர்களே டியூப்லெஸ் பக்கம் நகர்ந்துவிட்டதால், நல்ல சக்கரங்கள் கூட அடிமாட்டு விலைக்குக் கிடைக்கின்றன. அந்த ஆசையில்தான் வாங்கினேன். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஏறி, நான்கு நாள் மலையிலேயே ஓட்டிப் பார்ப்பது என்று திட்டம்.

ஏறும்போது எந்தக் குறையும் சொல்ல முடியாது. அதைச் சொல்லாமல் காற்றைப் பற்றி மட்டும் புலம்பினால் பாவம் சேரும். சாதாரண டயர் ரோட்டின் ஒவ்வொரு ஜல்லியையும் கையில் எண்ணிக் காட்டும். இது அந்தக் கணக்கையெல்லாம் தானே விழுங்கிக்கொண்டு, ஒரு மெல்லிய உறுமலோடு போகிறது. சக்கரத்தின் விளிம்பு எடை குறைவு என்பதால், வளைவு முடிந்து எழுந்து மிதித்தால் சட்டென்று பாய்கிறது. காவலூர் வரும் வரை நான் மகாராஜா.

அந்த 82க்கு வருவோம். முன் டயரின் உள்ளே இருப்பது லேடெக்ஸ் டியூப், அதாவது இயற்கை ரப்பர். குமரி மாவட்டத்துத் தோட்டங்களில் விடியற்காலை வெட்டி எடுக்கிறார்களே, அந்தப் பாலின் சொந்தக்காரன். பிறந்தநாள் பலூனும் இதே ஜாதிதான். மறுநாள் அது சுருங்கித் தொங்குவதை யாரும் பஞ்சர் என்று சொல்வதில்லை. மெல்லியது, நன்றாக வளைந்து கொடுக்கும், ஆனால் காற்றைக் கசியவிடும். பின் டயரில் இருப்பது பியூட்டைல். 1937ல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் ஆய்வகத்தில் ஸ்பார்க்ஸ், தாமஸ் என்ற இருவர் உருவாக்கிய செயற்கை ரப்பர். நம் வீட்டு சைக்கிள் டியூப்கள் பெரும்பாலும் இதுதான். வாரக்கணக்கில் காற்றைப் பிடித்து வைக்கும். கடையில் கேட்டு வாங்குங்கள்: கான்டினென்டல் காம்பெட்டிஷன் பியூட்டைல், விட்டோரியா கோர்சா வரிசை லேடெக்ஸ்.

அப்படியானால் பின் டயர் ஏன் நாலு இறங்கியது? அது குளிர். மாலையில் 28 டிகிரி இருந்த அறை விடியும்போது 18க்கு வந்திருந்தது. பத்து டிகிரி குறைந்தால், 100 அடித்த டயரில் கிட்டத்தட்ட நாலு பிஎஸ்ஐ குறையும். காற்று எங்கும் போய்விடவில்லை, சுருங்கியிருக்கிறது. வெயில் ஏறினால் தானே திரும்பிவிடும். உயரம் இதற்கு நேர்மாறு: வைனு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர். அவ்வளவு ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் ஒரு பிஎஸ்ஐ அதிகமாகவே காட்டும். ஆக, முன் டயர் இழந்த பதினெட்டில் நாலு குளிருக்கு, மீதி பதினாலுதான் லேடெக்ஸ் தின்றது. இரண்டு டயரில் இரண்டு விதமான டியூப் இருந்தது தற்செயல்தான் என்றாலும், பின் டயர் எனக்கு ஒரு சாட்சியாகிவிட்டது.

82லிருந்து மறுபடி 100க்கு ஏற்ற, பையில் வைத்திருந்த கைப்பம்பில் ஐம்பது அடிக்கு மேல் அடித்தேன். பல் தேய்ப்பதற்கு முன்னால் இந்த உடற்பயிற்சி. பிரஸ்டா வால்வுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: நுனியிலுள்ள சின்ன நட்டைத் தளர்த்தி, விரலால் ஒரு முறை ‘புஸ்’ என்று அழுத்திவிட்டுப் பம்பை மாட்டுங்கள். ஒட்டிக்கொண்ட வால்வு திறக்காமல் பம்பின் குழாய் அழுத்தத்தையே டயரின் அழுத்தமாகக் காட்டி கேஜ் ஏமாற்றும். பங்க்கில் நைட்ரஜன் அடித்தால் தீருமா என்று ஒருவர் கேட்டார். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தானே, போகட்டும்.

மூன்றாம் நாள் காலையில் பின் டயர் 88 காட்டியது. சாட்சி கத்திச் சொன்னது, நான்தான் கேட்கவில்லை. ‘நேற்றிரவு குளிர் கொஞ்சம் அதிகம்’ என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி, இரண்டிலும் காற்றை ஏற்றிக்கொண்டு பீமன் நீர்வீழ்ச்சிப் பக்கம் கிளம்பிவிட்டேன். தினமும் காற்று இறங்குவது பழகிவிட்டால், உண்மையான ஓட்டை வரும்போது அதையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். இறக்கத்தின் முதல் வளைவிலேயே பின்பக்கம் சேற்றில் மிதித்தது போல வழுக்கி அசைந்தது. இறங்கி அழுத்தினால் கட்டை விரல் ரிம் வரை போகிறது.

தள்ளிக்கொண்டு வந்து பஞ்சர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, டயருக்கு வாயே இல்ல?”

“டியூப்ப உள்ள வச்சித் தச்சிருக்காங்கண்ணா.”

“பஞ்சரானா?”

“தையலப் பிரிச்சிதான் ஒட்டணும்.”

“அப்ப இது டயர் இல்ல சார், தலகாணி.”

காற்று அடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். வால்வு ஓரத்திலிருந்து குமிழ்கள் வரிசையாக வந்தன. “வால்வுதான்” என்றார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ட்யூபுலர் இங்கேதான் பொய் சொல்லும். டியூப்பில் ஓட்டை எங்கே இருந்தாலும், காற்று உறைக்குள்ளேயே சுற்றி வந்து வால்வு துளை வழியாகத்தான் வெளியேறப் பார்க்கும். வால்வின் உள்முள் தளர்ந்திருந்தாலும் குமிழ் வரும் என்பதால் அதை முதலில் இறுக்கிப் பார்த்தோம். குமிழ் நிற்கவில்லை. கடைசியில் அவரே டயரின் மேல்புறத்தை விரல் நகத்தால் அங்குலம் அங்குலமாகத் தடவி, ஒடிந்த முள்நுனி ஒன்றைக் கண்டுபிடித்தார். வேலிக்காத்தான். கீழே சமவெளியில் குத்தி, இரண்டு நாள் டயரில் ஒளிந்திருந்து, மெல்ல மெல்ல உள்ளே இறங்கியிருக்கிறது.

சீட்டுக்கு அடியில் சுருட்டிக் கட்டியிருந்த மாற்று டயரைப் போட்டோம். பழையதை ரிம்மிலிருந்து உரிக்க இரண்டு பேர் தேவைப்பட்டது. பசை நன்றாகப் பிடித்திருந்ததற்கு அதுவே அத்தாட்சி. புதியதுதான் சிக்கல். ஒழுங்காக ஒட்டுவதென்றால், டயரை ஒரு நாளாவது பழைய ரிம்மில் மாட்டிக் காற்றடித்து விரியவிட வேண்டும். ரிம்மிலும் டயரின் அடித்துணியிலும் மெல்லிய பூச்சாகச் சில முறை பசை தடவிக் காயவிட வேண்டும். வழியில் மாற்றும்போது ரிம்மில் மிச்சமிருக்கும் பசைதான் ஒரே துணை. சமதரையில் மெதுவாக வீடு போய்ச் சேரலாம், அவ்வளவுதான்.

போளூர் பக்கம் வளைந்து வளைந்து இறங்கும் ரோட்டுக்காகத்தான் இந்த மலைக்கே வந்தேன். பிரேக் கட்டை உரச உரச அலுமினிய ரிம் சூடாகும், சூட்டில் பசை இளகும். 2003 டூர் டி பிரான்ஸ், ஜூலை 14. காப் நகரை நோக்கிய இறக்கத்தில், வெயிலில் தார் உருகிய ரோட்டில் ஹோசேபா பெலோகியின் பின் சக்கரம் வழுக்க, டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. தொடை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு என்று முறிந்தது. பின்னால் வந்த ஆர்ம்ஸ்ட்ராங் வயலுக்குள் இறங்கித் தப்பித்தார். அந்தப் படம் மனதில் ஓடியதும் சைக்கிளை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஆசைப்பட்ட இறக்கத்தை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

வாங்கலாமா? பம்பும் பசையும் பக்கத்திலேயே இருக்கும் வீட்டிலிருந்து காலையில் கிளம்பி மதியம் திரும்புகிறவர் தாராளமாக வாங்கலாம். தினமும் காற்றடிப்பது குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது மாதிரி பழகிவிடும். மலையில் ராத்தங்கல் என்றால் இரண்டிலும் பியூட்டைல் போட்டுக்கொள்ளுங்கள். அப்போது ஒரு ராத்திரியில் ஆறேழு இறங்கினாலே முள்தான் என்று தெரிந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு குப்பியை நம்புகிறவர்கள், அந்த வாயு ரப்பருக்குள் இன்னும் வேகமாகக் கரைந்து ஓடிவிடும் என்பதை நினைவில் வைத்து, மறுநாளே சாதாரணக் காற்றுக்கு மாறுங்கள். டயரின் பக்கவாட்டு பருத்தித் துணியாக இருந்தால் மழைக்குப் பிறகு நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மூலையில் சாத்தினால் பூஞ்சை பிடித்து நூல் மக்கிவிடும்.

முள் குத்திய டயரை வீட்டில் பிரித்தேன். அடித்துணியை நாலு அங்குலம் உரித்து, தையலை வெட்டி, டியூப்பை வெளியே இழுத்து ஒட்டி, மெழுகு நூலால் பழைய துளைகள் வழியாகவே திரும்பத் தைத்தேன். இரண்டு மணி நேரம், ஊசி குத்து இரண்டு. தையல் கொஞ்சம் கோணல்தான். பழைய ரிம்மில் மாட்டி 60 வைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். மூன்று நாள் ஆகிறது. இன்று காலை 58.